தஞ்சைச் சாலையின் புதிய வணிக வளாகம்: ஒரு வாடகைதாரரின் மதிப்பீடு

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில், தாராசுரத்தைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் எழுந்துள்ள மூன்று தள வணிக வளாகம் ஒன்றின் தரைத்தளத்தில் எங்கள் பாத்திரக்கடையின் இரண்டாவது கிளை இயங்கி வருகிறது. மூலக்கடை ஊருக்குள் கடைத்தெருவில் இருக்கிறது. கோடை, ஆடி, ஐப்பசி மழை, தை முகூர்த்தம் என ஓர் ஆண்டின் எல்லாப் பருவங்களையும் அந்தக் கட்டடத்தில் பார்த்துவிட்டோம். டெல்டா ஊர்களின் புறச்சாலைகளில் இப்போது வரிசையாக எழுந்துவரும் இத்தகைய வளாகங்களில் இடம் எடுக்க நினைக்கும் வணிகர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சு நடந்துகொண்டிருப்பதால் வளாகத்தின் பெயரையும் கட்டிய நிறுவனத்தின் பெயரையும் இங்கே தவிர்த்திருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரின் மண்ணையும் தண்ணீரையும் நன்கு அறிந்தவர்கள் கட்டிய கட்டடம் இது. வாடகை ஒப்பந்தத்தை எழுதியவர்களோ, டெல்டாவில் எந்த மாதம் கையில் பணம் புழங்கும், எந்த மாதம் புழங்காது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. தரைத்தளத்தில் இடம் கிடைத்தால் நன்றாகப் பேரம் பேசி எடுக்கலாம். மேல்தளங்களை இப்போது கேட்கப்படும் வாடகைக்கு எடுக்குமாறு எவருக்கும் சொல்ல மாட்டேன்.

ஊருக்குள் நல்ல கடை இருக்கும்போது வெளியே ஏன் வர வேண்டும் என்று பலர் கேட்டார்கள். கும்பேசுவரர், சாரங்கபாணி, நாகேசுவரர் கோயில்களைச் சுற்றிய வீதிகளில் வியாபாரம் செய்பவர்களுக்கு இதற்கான விடை தெரியும். சீர்வரிசைப் பாத்திரம் வாங்க வலங்கைமானிலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் வேன் பிடித்து வரும் குடும்பம், வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு அண்டாவையும் தவலையையும் தலைச்சுமையாகத் தூக்கிச் செல்ல வேண்டிய நிலைதான் இன்றும் இருக்கிறது. அடுத்ததாக, ஊருக்குள் பல மனைகள் கோயில்களுக்கோ மடங்களுக்கோ சொந்தமானவை. 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி, கோயில் சொத்தை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விடுவதற்கு ஆணையரின் முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத குத்தகை செல்லாது. அத்தகைய மனையில் பெரும் முதலீடு செய்து நவீனக் கட்டடம் எழுப்ப எந்த நிறுவனமும் தயங்கும், வங்கியும் கடன் தரத் தயங்கும். ஆகவே பட்டா நிலம் கிடைக்கும் புறச்சாலைகளை நோக்கிப் புதிய கட்டுமானம் நகர்வது இயல்பானதே. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்கு வழிச்சாலைப் பணி இந்த நகர்வை மேலும் விரைவுபடுத்தியது.

இனி கட்டடத்துக்கு வருகிறேன். இதன் சிறப்பு முழுவதும் தரைக்குக் கீழேயும் தரையை ஒட்டியும் இருக்கிறது. இந்த இடம் முன்பு நஞ்சை. காவிரி வண்டல் படிந்த களிமண், மழையில் நீர் குடித்து உப்பும், கோடையில் பிளவுபட்டுச் சுருங்கும். அத்தகைய மண்ணில் சாதாரண அஸ்திவாரம் போட்டு எழுப்பிய கட்டடங்களில் சில ஆண்டுகளிலேயே சுவர் மூலைகளில் சாய்வான வெடிப்புகள் தோன்றுவதை இப்பகுதியில் எங்கும் காணலாம். இங்கே மண் பரிசோதனைக்குப் பிறகு, அடிப்பகுதி குடைபோல் விரிந்த அண்டர் ரீம்டு பைல் அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள். மண் உப்பும்போதும் சுருங்கும்போதும் கட்டடத்தை அசையாமல் பிடித்துக்கொள்வதற்கென்றே உள்ள முறை அது. கட்டடத்தின் பொறியாளர் இதை வரைபடத்தோடு எனக்கு விளக்கினார். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்த பிறகும் என் கடைச் சுவரிலோ தரை ஓடுகளிலோ ஒரு மயிரிழை வெடிப்புகூட இல்லை.

நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்த இந்தப் பகுதியில் பேஸ்மென்ட் தோண்டி வண்டி நிறுத்துமிடம் அமைக்கும் ஆசை சில நிறுவனங்களுக்கு வருகிறது; சதுர அடிக் கணக்கில் பார்த்தால் அது லாபமாகத் தெரியும். மழைக்காலம் முழுவதும் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்கும் செலவு கடைசியில் பராமரிப்புக் கட்டணமாக வாடகைதாரர் தலையில்தான் வந்து விழும். இவர்கள் பேஸ்மென்ட்டையே தவிர்த்துவிட்டு, கட்டடத்தின் முன்னும் பக்கவாட்டிலும் திறந்த வெளியை விட்டிருக்கிறார்கள். மனையை ஒட்டி ஓடும் பாசன வாய்க்காலை மூடாமல், ஆக்கிரமிக்காமல், அதன் கரையைக் கல்கட்டி உறுதிப்படுத்தியிருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். வாய்க்காலைத் தூர்த்து மனையாக்கிய இடங்களில் மழைநீர் போக வழியின்றிப் பக்கத்து வயலையும் சேர்த்து மூழ்கடிப்பதை ஒவ்வொரு கார்த்திகையிலும் பார்த்து வருகிறோம்.

தரைமட்டம் சாலையைவிட உயர்த்தப்பட்டிருக்கிறது. வண்டி நிறுத்துமிடம் சாலையை நோக்கிச் சாயாமல் பக்கவாட்டு வடிகாலை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஐப்பசியில் இரவெல்லாம் கொட்டிய ஒரு மழைக்குப் பின் காலையில் கடை திறக்கப் போனபோது, வடிகாலின் இரும்புச் சல்லடை மூடிமேல் வேப்பஞ்சருகும் பாலித்தீன் உறைகளும் அடைத்துக்கொண்டு, ஒரு மூலையில் மட்டும் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. காவலர் அந்தக் குப்பையைக் கையால் அள்ளிப் போட்டதுமே தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கி, ஷட்டரை ஏற்றி விளக்குப் போடுவதற்குள் தரை தெரிந்துவிட்டது. அதே காலையில் எதிர்ப்புறக் கடைக்காரர்கள் மண் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாடகைக்கு இடம் பார்ப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறையாவது மழை பெய்யும்போது வந்து பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான். சித்திரையில் எல்லாக் கட்டடமும் நன்றாகத்தான் இருக்கும்.

முகப்பில் கண்ணாடிச் சுவர் வைக்காததைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது தகரக் கூரைகளும் விளம்பரப் பலகைகளும் என்ன ஆயின என்பதைக் கண்டவன் என்ற முறையில், செங்கல் சுவரும், அளவான சன்னல்களும், பெயர்ப்பலகைக்கென்று கட்டடத்தோடு சேர்த்துப் பொருத்திய இரும்புச் சட்டமும் எனக்கு முழு நிறைவைத் தருகின்றன. மேற்கு வெயிலும் கடைக்குள் நேரே அடிப்பதில்லை; குளிர்சாதனத்தின் மின்கட்டணத்தில் அது தெரிகிறது.

பாத்திர வியாபாரிக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் வசதியே உயிர்நாடி. கடை முன் சாய்தளம் மூன்று சக்கரத் தள்ளுவண்டி ஏறும் அளவுக்கு மெதுவான சரிவோடு இருக்கிறது. நாச்சியார்கோவில் குத்துவிளக்குகள் மரப்பெட்டியில் வரும். ஆறடி விளக்கின் அடிப்பாகம் ஒன்றையே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். பழைய கடையில் மூன்று படி ஏறித் தூக்கிய சுமையை இங்கே உருட்டியே உள்ளே கொண்டுபோய்விடுகிறோம். வாடிக்கையாளரின் வேன் கடை வாசல் வரை வருகிறது. இந்த ஒரு காரணத்தால் மட்டுமே, மொத்தச் சீர் வாங்கும் குடும்பங்களில் பலர் ஊருக்குள் இருக்கும் எங்கள் கடையை விட்டு இங்கே வரத் தொடங்கியிருக்கிறார்கள். ஒற்றைக் குடம், ஒற்றைச் செம்பு வாங்குபவர்கள் இன்னும் ஊருக்குள்தான் வருகிறார்கள். புறச்சாலைக் கடைக்கு நடந்து வரும் கூட்டம் கிடையாது. தேடி வருபவர் மட்டுமே வருவார். மொத்தமாக வாங்கும் பொருள், வண்டியில் ஏற்றிச் செல்லும் பொருள், குடும்பமாக வந்து நேரம் எடுத்துத் தேர்ந்தெடுக்கும் பொருள் ஆகியவற்றை விற்பவர்களுக்கே இத்தகைய வளாகம் பொருந்தும். வளையல் கடையும் பழக்கடையும் இங்கே திறந்து சில மாதங்களில் மூடியதைப் பார்த்தேன். அவர்கள் உழைப்பில் குறை இல்லை.

ஒரு குறை சாலையில் இருக்கிறது. நடுத்தடுப்பின் திறப்பு வளாகத்துக்கு நேரே இல்லாததால், தஞ்சைப் பக்கமிருந்து வருபவர்கள் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். முதல் முறை வருபவர்களில் சிலர் அப்படியே ஊருக்குள் போய்விடுகிறார்கள். நுழைவுப் பலகை ஒன்றை முன்கூட்டியே வைக்குமாறு கேட்டு நிர்வாகத்திடம் எழுத்தாகக் கொடுத்தும் இன்னும் வைக்கவில்லை.

மின்சாரம், ஜெனரேட்டர், கழிப்பறை ஆகியவற்றில் குறை சொல்ல ஏதுமில்லை. தீப்பாதுகாப்பைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர் இது. இந்த ஊரில் பல தளக் கட்டடம் எதற்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் படிக்கட்டைத்தான் தேடும். இங்கே எதிரெதிர் முனைகளில் இரண்டு படிக்கட்டுகள் உள்ளன, இரண்டும் வெளிச்சமானவை, அகலமானவை. ஆனால் பின்புறப் படிக்கட்டின் அடியில் மேல்தளக் கடை ஒன்று அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைக்கும் வழக்கம் இருந்தது. நாங்கள் நான்கைந்து கடைக்காரர்கள் சேர்ந்து சண்டையிட்டுத்தான் அதை அகற்ற முடிந்தது. அதைத் தினமும் கவனித்துத் தடுக்க வேண்டியது பராமரிப்புக் கட்டணம் வாங்கும் நிர்வாகத்தின் கடமை.

மேல்தளங்களை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், அவற்றின் உரிமை பலரிடம் சிதறிக் கிடப்பது. கட்டடத்தைக் கட்டிய நிறுவனம் தரைத்தளத்தைத் தன்வசமே வைத்துக்கொண்டு வாடகைக்கு விடுகிறது. முதல் தளத்தையும் இரண்டாம் தளத்தையும் சிறு சிறு அறைகளாகப் பிரித்து, முதலீட்டாளர்களுக்கு விற்றுவிட்டது. கட்டுமானச் செலவை விரைவில் திரும்ப எடுக்க இது கைகொடுக்கும் உத்தி; டெல்டாவில் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை முதலீடு செய்ய இடம் தேடும் குடும்பங்கள் நிறைய இருப்பதால் இங்கே எளிதில் செல்லுபடியாகவும் செய்கிறது. விளைவு என்னவென்றால், வாங்கியவர்களில் பெரும்பாலோர் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் தனித்தனியாக வாடகை கேட்கிறார்கள், ஒருவரும் இறங்கி வருவதில்லை. ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடம் முதல் தளத்தின் ஒரு பக்கம் முழுவதையும் எடுக்க விரும்பியது. பல உரிமையாளர்களிடம் ஒரே நேரத்தில் சம்மதம் வாங்க முடியாமல் அது வேறு இடம் போய்விட்டது. அப்படிப்பட்ட ஒரு நிறுவனம் வந்திருந்தால் நாள்தோறும் மக்கள் வந்து போவார்கள். அதன் பயன் கீழே இருக்கும் எங்களுக்கும் கிடைத்திருக்கும்.

டெல்டாவில் மேல்தளத்துக்கு யார் வருவார்கள் என்பதை முன்கூட்டியே யோசித்துக் கட்டியிருக்க வேண்டும். சேலை எடுக்கவும் பாத்திரம் வாங்கவும் நம் மக்கள் இரண்டு மாடி ஏறுவது ஒரே நிறுவனம் கட்டடம் முழுவதையும் நடத்தும் பெரிய ஜவுளிக்கடைகளில் மட்டும்தான். தனிக் கடைக்காக ஏற மாட்டார்கள். பயிற்சி மையம், வங்கிக் கிளை, பல் மருத்துவமனை, தணிக்கையாளர் அலுவலகம், சிறிய மென்பொருள் நிறுவனம் ஆகியவையே மேல்தளத்துக்கு ஏற்றவை. தஞ்சாவூரில் மேலவஸ்தாசாவடியில் 2024 செப்டம்பரில் மென்பொருள் நிறுவனங்களுக்கான டைடல் நியோ பூங்கா திறக்கப்பட்ட பிறகு, அலுவலக இடத்துக்கான தேவை டெல்டாவிலும் உண்டு என்ற நம்பிக்கை கட்டுநர்களிடையே பரவியிருக்கிறது. அந்த நம்பிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அலுவலகம் கேட்பது தடையற்ற பெரிய தளம், நம்பகமான மின்சாரம், ஒரே உரிமையாளர். ஷட்டர் வைத்த சிறு அறைகளின் வரிசையை எந்த அலுவலகமும் கேட்பதில்லை.

இப்போது ஒப்பந்தம். எங்கள் கடைக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது 1,200 சதுர அடி. சுவருக்குள் நாடா பிடித்து அளந்தால் 860 சதுர அடி. வாடகை கொடுக்கும் இடத்தில் 28 சதவீதம் கடைக்கு வெளியே, நடைபாதையிலும் படிக்கட்டிலும் லிஃப்டிலும் இருக்கிறது. தரைத்தளக் கடைக்காரர் லிஃப்டைத் தொடுவதே இல்லை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, கடையை விலைக்கு வாங்குபவருக்குக் கார்பெட் ஏரியா (சுவர்களுக்குள் உள்ள, பயன்படுத்தக்கூடிய பரப்பு) அடிப்படையில் விலை கேட்கும் உரிமையைத் தருகிறது. வாடகைக்கு எடுப்பவர் அச்சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருவதில்லை. ஆகவே கையெழுத்துப் போடும் முன்பே நாடாவோடு போக வேண்டும். உள்ளளவுக்கு எவ்வளவு, பொதுப்பகுதிக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

வாடகை உயர்வு ஆண்டுதோறும் ஐந்து சதவீதம். முதல் மூன்று ஆண்டுகளுக்கு நாங்கள் வெளியேற முடியாது. அவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. முன்பணமாகப் பத்து மாத வாடகை கேட்டார்கள். தமிழ்நாடு நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரியில். இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரையில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்கிறது அது. ‘வேறுவிதமாக ஒப்புக்கொள்ளும்’ பத்தி ஒன்றை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார்கள். அந்தப் பத்தியைக் காட்டிப் பேசியதில் முன்பணத்தைக் குறைக்க முடிந்தது. மற்றவர்களும் இதைச் செய்யலாம். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்வது இருவருக்கும் நல்லது. மேல்தளத்தில் தனிநபர் உரிமையாளர்களிடம் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2024 அக்டோபர் 10 முதல், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத உரிமையாளரிடமிருந்து, பதிவுபெற்று வழக்கமான முறையில் வரி கட்டும் வணிகர் கடையை வாடகைக்கு எடுத்தால், 18 சதவீத வரியை வணிகரே நேரடியாகச் செலுத்த வேண்டும். பின்னர் அதைத் தன் விற்பனைக்குக் கட்ட வேண்டிய வரியில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அந்த மாதம் கையிலிருந்து போகும் பணம் போனதுதான்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது வாடகை மாதந்தோறும் ஒரே தொகையாக இருப்பது. எங்கள் வியாபாரம் முகூர்த்தத்தைப் பின்பற்றுகிறது; முகூர்த்தச் செலவு அறுவடையைப் பின்பற்றுகிறது. சம்பா நெல் களத்துக்கு வந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்த பிறகுதான் தை, மாசி வியாபாரம் சூடு பிடிக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. தீபாவளி வியாபாரம் குறுவை எப்படி விளைந்தது என்பதைப் பொறுத்தது. குறுவை, மேட்டூர் அணை எப்போது திறக்கிறது என்பதைப் பொறுத்தது. வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்க வேண்டிய அணை, 2024-இல் ஜூலை 28 அன்றுதான் திறந்தது; அந்தத் தீபாவளியின் மந்தத்தை எங்கள் மூலக்கடையின் கல்லாவிலேயே உணர்ந்தோம். மாதச் சம்பளக்காரர்கள் நிறைந்த பெருநகரத்துக்காக எழுதப்பட்ட ஒப்பந்தத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால், ஆடி மாதத்தில் கடைக்காரர் சேமிப்பை உடைத்து வாடகை கட்டுகிறார். பெரிய நகைக்கடைகளுக்கும் ஜவுளி நிறுவனங்களுக்கும் குறைந்தபட்ச வாடகை ஒன்றை வைத்து, அதற்கு மேல் விற்பனையில் ஒரு பங்கு என்று பேசும் முறை நாட்டில் பரவலாக இருக்கிறது. அந்த முறையை உள்ளூர் வணிகருக்கும் தர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை: ஆடி, புரட்டாசி, மார்கழியில் குறைந்த வாடகை, தை, வைகாசி, ஆவணியில் விற்பனைப் பங்கோடு கூடிய அதிக வாடகை. ஆண்டு முடிவில் உரிமையாளருக்கு ஒரு ரூபாயும் குறையாது. கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டவும் நாங்கள் தயார்.

நிர்வாகம் இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மாறாக, 2028 மகாமகத்தைக் காட்டி வாடகையை இப்போதே உயர்த்திப் பேசுகிறார்கள். 2016 மகாமகத்தின்போது ஊருக்குள் கடை வைத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கூட்டம் குளத்தையும் கோயில்களையும் சுற்றி வருவது, போக்குவரத்தைப் புறநகரிலேயே நிறுத்தித் திருப்பிவிடுவார்கள், நீராட வந்தவர் அண்டா வாங்கித் தூக்கிக்கொண்டு போவதில்லை. விடுதிக்கும் உணவகத்துக்கும் அது பெரிய வாய்ப்பு. பாத்திரக்கடை அதற்காக இப்போதிருந்தே வாடகையில் கூடுதல் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

விலைக்கு வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டு அலகுகளுக்கு மேலோ கட்டி விற்கும் திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வாங்குவோர் கட்டும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே சரிசெய்து தர வேண்டும். இந்த வளாகம் பதிவு பெற்றது. 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கடைகளைத் தடுக்கும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அது எண்ணெய், எரிவாயு எடுப்பு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றைத்தான் தடுக்கிறது. நஞ்சையை வணிக மனையாக மாற்றியதற்கான அனுமதியும், நகர் ஊரமைப்புத் துறையின் திட்ட அனுமதியும் தனியாக இருக்கின்றனவா என்பதையே பார்க்க வேண்டும். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் போன்ற தொல்லியல் துறைச் சின்னங்களிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்கு அனுமதியே இல்லை. அடுத்த 200 மீட்டருக்குள் தனி அனுமதி வேண்டும். இந்த வளாகம் அந்த எல்லைக்கு அப்பால் இருக்கிறது. ஆவணங்கள் எல்லாம் சரியாக இருந்தும் மேல்தள அறையை வாங்க நான் முன்வராததற்குக் காரணம், மேலே சொன்ன சிதறிய உரிமைதான்.

மரச்சாமான், மின்சாதனம், பாத்திரம், மொத்த ஜவுளி, தையல் இயந்திரம், விவசாயக் கருவிகள் ஆகியவற்றை விற்பவர்கள் தரைத்தளத்தில் காலியாகவுள்ள இரண்டு கடைகளையும் தாராளமாகப் போய்ப் பார்க்கலாம். பேச்சைத் தொடங்கும்போதே பருவத்துக்கேற்ற வாடகையைக் கேளுங்கள். ஏற்கெனவே உள்ள கடைக்காரர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த கோரிக்கை மனுவின் நகல் எங்கள் கடையில் இருக்கிறது; வருபவர்கள் அதில் தங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.